கட்டணம் செலுத்துபவர்: தாய்மாமன்

நம் உயர்கல்வி ஆலோசனை நிலையத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

போன மாதம் கண்டிக் காரியாலயத்துக்கு ஓய்வு பெற்ற என்னைக் கூப்பிட்டு, மாலை போட்டு, கேக் வெட்டி, "மிஸ், புது ஆட்களுக்குப் பிரயோசனமா உங்க அனுபவத்தில இருந்து ஏதாவது எழுதித் தாங்க" என்று கேட்டீர்கள். கேக் நன்றாகத்தான் இருந்தது. எழுதித் தருவதாகத் தலையாட்டிவிட்டு வந்து இத்தனை நாளாக இழுத்தடித்தேன். எதை எழுதவேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்ததால் வந்த தாமதம் அது.

எந்தப் பிஸ்னஸ் ஸ்கூலின் பட்டத்தை எந்த நாடு ஏற்கும், எதில் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கலாம், எந்தக் கட்டணத்துக்குள் பரீட்சைக் காசு அடங்கியிருக்கிறது, எதில் அது பின்னால் வந்து கழுத்தைப் பிடிக்கும் என்பதெல்லாம் உங்கள் கணினியிலேயே இருக்கிறது. அதைச் சொல்லித்தர நான் தேவையில்லை. நான் சொல்லப்போவது ஒரு பெண்பிள்ளையைப் பற்றி. அவளுக்கு நான் செய்ததை இவ்வளவு காலமும் பிழை என்றே எனக்குள் சொல்லி வந்தேன். பிழை என்பது கொஞ்சம் செல்லமான சொல். படித்துவிட்டு நீங்களே வேறு சொல் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னை இந்த வேலைக்குப் பழக்கியவர் எங்கள் முதல் மேலாளர். பெயர் வேண்டாம். கோபக்காரர், ஆனால் ஈரமுள்ள மனிதர். சம்பளம் பிந்துகிற மாதங்களில் தன் பையிலிருந்து எடுத்துத் தருவார். அவர் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம் இது: "ஒரு குடும்பம் உள்ள வந்தா அஞ்சு பேர் உக்காருவாங்க. காசு கட்டுற ஆள் யாருன்னு ரெண்டு நிமிஷத்தில கண்டுபிடிங்க. கண்டுபிடிச்சதும் உங்க கதிரைய அவர் பக்கம் திருப்பிருங்க."

எனக்கு இரண்டு நிமிடம் தேவைப்படவில்லை. ஆட்கள் படியேறி வரும்போதே கண்டுபிடித்துவிடுவேன். இருபது வருடத்துக்கு மேல் என் கதிரை அந்தப் பக்கமே திரும்பிப் பழகிவிட்டது. படிக்கப்போகிற பிள்ளையின் முகம் எனக்கு எப்போதும் ஓரக்கண்ணில்தான் தெரிந்தது.

நம் படிவம் உங்களுக்குத் தெரியும். மாணவரின் பெயருக்குக் கீழே 'கட்டணம் செலுத்துபவர்' என்று ஒரு வரி, அதற்கு அருகே 'உறவு' என்று ஒரு சின்னக் கட்டம். அந்தக் கட்டத்தை வைத்துத்தான் நாங்கள் எங்களுக்குள் ஃபைல்களைப் பிரித்திருந்தோம். அப்பா ஃபைல் என்றால் தவணை பிந்தும், ஆனால் எப்படியோ வந்து சேரும். வெளிநாட்டு அண்ணன் ஃபைல் என்றால் காசு நேரத்துக்கு வரும், அதோடு வாட்ஸ்அப்பில் பத்துக் கேள்வியும் வரும். தாய்மாமன் ஃபைல் என்றால் உடனே தேநீருக்குச் சொல்லியனுப்புவோம். தாய்மாமன் பேரம் பேசமாட்டார். பேசினால் கூடப்பிறந்தவளின் புருஷனுக்கு முன்னால் மானம் போய்விடும். சொன்ன காசை அப்படியே கட்டுகிறேன் என்பார்.

அந்தக் கை ஏன் அப்படித் தாராளமாக நீள்கிறது என்று எனக்குத் தெரியாதா? நானும் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்த மலையகத்துக்காரிதான். என் அம்மா தன் தாய்மாமன் மகனைக் கட்டியவள். காது குத்துவதிலிருந்து சடங்கு வரை சீர் கொண்டு வருகிற மாமன், கடைசியில் தன் மகனுக்கென்று பெண் கேட்டு வந்து நிற்பான் என்பதும், வாங்கிய கைக்கு மறுக்க வாய் வராது என்பதும் எனக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்லவேண்டிய விஷயங்கள் அல்ல. ஆனாலும் படிவத்தில் அதற்கென்று ஒரு கேள்வி இல்லை. நானும் கேட்கவில்லை.

ஒரேயொரு தடவை எனக்குச் சரியான பாடம் கிடைத்தது. அதையும் நான் வீணாக்கினேன். அலவத்துகொடையிலிருந்து ஒரு முஸ்லிம் தம்பதி மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். தகப்பனுக்கு மசாலா வியாபாரம். நான் வழக்கம்போல அவர் பக்கம் திரும்பி, இருப்பதிலேயே விலை கூடிய மூன்று வருடப் பட்டத்திலிருந்து தொடங்கினேன். அந்தத் தாய் குறுக்கிட்டார்.

"மிஸ், இத முடிச்ச அடுத்த நாள் காலையில எங்கட மகன் எங்க போவாரு?"

"நல்ல கம்பனி ஒன்னுல வேலை எடுக்கலாம்" என்று இழுத்தேன்.

"எந்தக் கம்பனி, எந்த ஊரு, எத்தின மணிக்கு பஸ் ஏறோணும்? அத மகன்ட்ட கேளுங்க. எங்கள வெச்சிக்கிட்டு கேட்டா அவர் எங்களுக்குப் புடிச்சதத்தான் சொல்லுவாரு. நாங்க வெளிய இருக்கிறோம்."

சொன்னபடியே கணவரையும் எழுப்பிக்கொண்டு வெளியே போய்விட்டார். தனியாக இருந்ததும் பையன் சொன்னான்: அவனுக்கு கம்பனி வேலை வேண்டாம், வாப்பாவின் கறுவாவையும் கராம்பையும் தானே வெளிநாட்டுக்கு அனுப்பவேண்டும், அதற்கு ஏற்றுமதிப் பத்திரங்களும் கணக்கும் தெரிந்தால் போதும். பத்து நிமிடத்தில் முடிந்தது. ஒரு வருடப் படிப்பு, நான் முதலில் சொன்ன கட்டணத்தில் கால்வாசி. கல்லூரியிடமிருந்து நமக்கு வந்த கமிஷனும் அப்படித்தான். அவர்கள் போன பிறகு நான் அந்தத் தாயைப் போலப் பேசிக்காட்டினேன். காரியாலயம் முழுக்கச் சிரித்தது. இன்றைக்கு அதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அதற்கு அடுத்த வருடம் வினோதினி வந்தாள்.

உயர்தரப் பரீட்சையில் வர்த்தகப் பிரிவில் நல்ல பெறுபேறு. அரசாங்கப் பல்கலைக்கழகம் மயிரிழையில் தவறியிருந்தது. அப்பா கட்டுகஸ்தோட்டையில் ஒரு துணிக்கடையில் சேல்ஸ்மன். சட்டைப் பையில் துணி அளக்கும் இஞ்சி நாடாவைச் சுருட்டி வைத்தபடியே கடையிலிருந்து நேராக வந்திருந்தார். மூன்றாவது ஆள் தாய்மாமன். தோட்டத்திலிருந்து வெறுங்கையோடு இறங்கி, மூட்டை தூக்கி, பிலிமத்தலாவையில் சொந்தமாக ஹார்ட்வெயார் கடை போட்ட மனிதர். அவர்தான் நடுக் கதிரையில் உட்கார்ந்தார். என் கதிரை தானாகவே திரும்பியது.

"எங்க குடும்பத்தில இதுவரைக்கும் யாரும் ஃபேன் காத்துல உக்காந்து சம்பளம் வாங்கினதில்லங்க மிஸ்" என்றார். "இந்தப் புள்ள வாங்கணும். காசப் பத்தி நீங்க யோசிக்காதீங்க. எது பெரிசோ அத சொல்லுங்க."

அவர் மனதாரச் சொன்னார். கண் கலங்கியிருந்தது. இதை நீங்கள் கவனிக்கவேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்ததை வைத்து அவரை ஒரு வில்லனாக நினைத்துக்கொண்டால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது.

நான் இரண்டு இடங்களைச் சொன்னேன். ஒன்று கண்டியிலேயே இருக்கிற சிறிய கல்லூரி. சனி ஞாயிறு வகுப்பு, நாலு வருடம், கட்டணம் முழுவதும் ரூபாயில், அரசாங்க வேலைக்கும் செல்லும் பட்டம். மற்றது கொழும்பில். மூன்று வருடம், ஹொஸ்டல், இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தின் பட்டம், கண்ணாடிக் கட்டடம். கடைசி வருடக் கட்டணத்தில் ஒரு பங்கை மட்டும் ஸ்டெர்லிங் பவுணில் கட்டவேண்டும். அந்த ஒரு பங்கை நான் வாய்க்குள்ளேயே சொல்லிக் கடந்தேன்.

வினோதினி அன்றைக்கு இரண்டு தடவைதான் வாய் திறந்தாள். முதல் தடவை, "மிஸ், ரெண்டுல எது காசு குறைவு?" என்று கேட்டாள். கண்டியில் உள்ளது என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "டவுன்ல கணக்குப் பாக்கிற ஒரு ஓடிட் ஆபீஸ்ல ட்ரெய்னியா எடுக்கிறேன்னு சொல்லியிருக்காங்க மிஸ். கண்டி காம்பஸ்னா அந்தச் சம்பளத்தில நானே கட்டிக்குவேன். மாமாவுக்கு ஏன் கஷ்டம்" என்றாள்.

மாமா சிரித்தார். "பாத்தீங்களா மிஸ், எப்படி யோசிக்குதுன்னு! அடக்கமான புள்ள."

நானும் சிரித்தேன். "மாமா இருக்கும்போது நீங்க ஏம்மா வேலைக்கும் போய் வகுப்புக்கும் ஓடணும்? பெரிசா யோசிங்க. சின்ன இடத்தில படிச்சா சின்ன இடத்திலதான் இருக்கணும்" என்றேன். அந்தக் கடைசி வசனம் என்னுடைய பேர்பெற்ற வசனம். எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

அவளுடைய அப்பாவின் கை சட்டைப் பைக்குள் போனது. இஞ்சி நாடாவை வெளியே எடுத்து விரித்து, மறுபடி சுருட்டினார். அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது என்று இப்போது நினைக்கிறேன். எனக்கும் விளங்கியிருக்கவேண்டும். பத்தொன்பது வயதுப் பிள்ளை கஷ்டப்பட்டு உழைத்துத்தான் படிப்பேன் என்று அடம்பிடித்தால், எதிலிருந்தோ தப்பப் பார்க்கிறாள் என்றுதான் அர்த்தம். மற்ற இருவரையும் ஐந்து நிமிடம் வெளியே அனுப்பியிருந்தால் வாய்விட்டே சொல்லியிருப்பாள். அலவத்துகொடைத் தாய் எனக்கு அந்த வித்தையைச் செய்துகாட்டிவிட்டுப் போயிருந்தார். நான் 'உறவு' கட்டத்தில் 'தாய்மாமன்' என்று எழுதி, தேநீருக்குச் சொல்லியனுப்பினேன்.

இரண்டு வருடம் நன்றாகவே போனது. கொரோனாக் காலத்தில் வீட்டிலிருந்தே ஃபோனில் வகுப்புகளைக் கேட்டாள், பரீட்சை எழுதினாள். எல்லாப் பாடத்திலும் சித்தியடைந்தாள். மாமா ஒரு தவணைகூடப் பிந்தவில்லை. பிறகு நாட்டில் ரூபாயின் மதிப்பு விழுந்தது. பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற அந்த மாதங்களை உங்களில் யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். ஸ்டெர்லிங் பவுண் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது. நான் வாய்க்குள் சொல்லிக் கடந்த அந்த ஒரு பங்கு, மற்றக் கட்டணங்கள் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது. மூன்று வாரத்துக்குள் முதல் தவணையைக் கட்டாவிட்டால் கடைசி வருடத்தில் இடமில்லை என்று கொழும்பிலிருந்து கடிதம் வந்தது.

ஒரு காலையில் மூவரும் மறுபடி வந்தார்கள். கரண்ட் இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பெற்றோல் இல்லாததால் மாமா பஸ்ஸில் வந்திருந்தார், ஆளே மெலிந்துபோயிருந்தார். சீமெந்து இல்லை, கம்பி இல்லை, கடையைப் பாதி நாள் பூட்டித்தான் வைத்திருக்கிறார்.

"நான் கட்டுறேன் மிஸ்" என்றார். "வேன வித்தாவது கட்டுறேன். சொன்னா சொன்னதுதான். ஆனா எனக்கும் ஒரு புடி வேணும் இல்லீங்களா? எங்க மகன் சுதாகருக்கும் வினோதினிக்கும் முதல்ல ரெஜிஸ்டர் பண்ணிருவோம். தாலி கட்டுறத காம்பஸ் முடிய வச்சிக்குவோம். ரெஜிஸ்டர் முடிஞ்ச மறுநாளே காசு. நீங்க படிச்சவங்க, நீங்க சொன்னா கேக்கும். கொஞ்சம் எடுத்து சொல்லுங்க."

அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். "நாங்க இவ்வளவு வாங்கிட்டோம் மிஸ்" என்றார். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான்.

வினோதினி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தி என்னிடம் மட்டும் கேட்டாள்.

"மிஸ், வேற வழி ஏதும் இருக்கா?"

இருந்தது. கொழும்பில் சித்தியடைந்த இரண்டு வருடப் பாடங்களையும் கண்டியில் இருந்த அந்தச் சிறிய கல்லூரி ஏற்றுக்கொள்ளும். நேராக மூன்றாம் வருடத்தில் சேர்க்கும். கட்டணம் ரூபாயில். ஒரு கடிதமும் ஒரு படிவமும் போதும். அதற்கு முந்தின மாதம்தான் வேறொரு மாணவனுக்கு நான் என் கையாலேயே அப்படி மாற்றிக் கொடுத்திருந்தேன். அதற்காக மேலாளரிடம் நல்ல ஏச்சும் வாங்கியிருந்தேன். இவர் முதல் மேலாளர் இல்லை, அவருக்குப் பிறகு வந்தவர். பிள்ளை கடைசி வருடத்துக்குப் பதியாவிட்டால் கொழும்புக் கல்லூரி நமக்குத் தந்த கமிஷனில் பாதியைத் திருப்பி எடுத்துவிடும். அந்த மாதம் எங்களுக்குப் பாதிச் சம்பளம். இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். "இன்னுமொரு பிள்ளை இப்படிப் போனா அடுத்தது யாருன்னு நான் சொல்லத் தேவையில்ல" என்று மேலாளர் என் காதுபடச் சொல்லியிருந்தார். எனக்கு ஓய்வுக்கு இன்னும் கொஞ்சக் காலமே இருந்தது.

நெருக்கடி நேரத்தில் நிதானமாக முடிவெடுக்கவேண்டும் என்று உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்வார்கள். நான் நிதானமாகத்தான் முடிவெடுத்தேன். பதறவில்லை, தடுமாறவில்லை. அவளுடைய கேள்விக்கும் என் பதிலுக்கும் இடையில் மேலே நான் எழுதியிருப்பது எல்லாவற்றையும் யோசித்தேன். என் சம்பளத்தை யோசித்தேன். மாமா நல்ல மனிதர், பையனும் குடிக்காத பையன், எங்கள் ஆட்களில் நடக்காத கல்யாணமா என்று யோசித்தேன். ஒரே ஒரு வருடம், பட்டம் கைக்கு வந்துவிடும், அதன் பிறகு அவள் பாடு என்றும் யோசித்தேன்.

"இல்லம்மா" என்றேன். "இப்ப விட்டா ரெண்டு வருஷமும் வீண். டிகிரி கையில இருந்தா மத்ததெல்லாம் சமாளிக்கலாம்."

அவள் மேசை விளிம்பிலிருந்து கையை எடுத்தாள். "சரி மாமா" என்றாள். மாமா எழுந்து நின்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

பதிவுத் திருமணம் அந்த வாரமே நடந்தது. மாமா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், மறுநாளே முதல் தவணை வந்தது. எனக்கு வேலை மிஞ்சியது. வினோதினி கொழும்புக்குப் போய் அந்த ஒரு தவணைக் காலம் படித்தாள். அடுத்த தவணைக்குக் காசு வரவில்லை. நான் ஃபோன் எடுத்தேன்.

"யாவாரம் படுத்திருச்சிங்க மிஸ்" என்றார் மாமா. "அதுவும் போக, ரெஜிஸ்டர் பண்ணின புள்ள ஹொஸ்டல்ல தனிய இருக்கிறது வீட்டில இவங்களுக்குப் புடிக்கல. அதான் தாலியக் கட்டிக் கூட்டிட்டு வந்துட்டோம். புள்ள நல்லாத்தான் இருக்கு. கடைக் கணக்கெல்லாம் அதுதான் பாக்குது. படிச்சது வீண் போகலைங்க."

அவர் குரலில் குற்ற உணர்ச்சி துளியும் இல்லை. அவர் கணக்கில் அவர் எல்லாவற்றையும் சரியாகவே செய்திருந்தார். நான் ஃபோனை வைத்துவிட்டு ஃபைலில் 'இடைநிறுத்தம்' என்று எழுதி, அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். கொழும்புக் கல்லூரி கமிஷனைத் திருப்பிக் கேட்கவில்லை. கடைசி வருடத்துக்குப் பதிந்த பிள்ளை ஆயிற்றே, கேட்க முடியாது.

இப்போது நீங்கள் கேட்கலாம், எந்தப் பிஸ்னஸ் ஸ்கூல் அவளுக்குப் பொருத்தம் என்று. பதில் முதல் நாளே மேசையில் இருந்தது. அவளே சொன்னாள். அவளுக்கு வேண்டியது கண்ணாடிக் கட்டடமோ இங்கிலாந்துப் பட்டமோ இல்லை. தன் சம்பளத்தில் தான் கட்டுகிற ஒரு படிப்பு. அதைக் கட்டியிருந்தால், கல்யாணப் பேச்சு வந்த அன்றைக்கு யார் வாயிலும் 'வாங்கிட்டோம்' என்ற சொல் வந்திருக்காது. அவள் கேட்ட 'எது காசு குறைவு' என்பது காசைப் பற்றிய கேள்வி இல்லை. நான் காசைப் பற்றி மட்டுமே பதில் சொன்னேன். ஆகையால், யார் கட்டுகிறார் என்று கேட்கிறபோதே, கட்டுகிறவருக்கு அதற்குப் பதிலாக என்ன வேண்டும் என்பதையும் கேளுங்கள். அதைப் படிக்கப்போகிற பிள்ளையிடம் கேளுங்கள், தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு. படிவத்தில் இடமில்லாவிட்டால் பின்பக்கத்தில் எழுதுங்கள்.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் இது ஒரு நல்ல அறிவுரையாக இருந்திருக்கும். நிறுத்த முடியாது, இன்னும் இருக்கிறது.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு இது நெஞ்சில் கிடந்து அறுத்தது. கண்டிக் கல்லூரிக்குப் போய் விசாரித்தேன். பழைய பாடங்களை இன்னும் ஏற்போம் என்றார்கள். படிவத்தை வாங்கிக்கொண்டேன். அந்த மூன்றாம் வருடக் கட்டணத்தை நானே கட்டிவிடுவது என்றும் தீர்மானித்தேன். பெரிய மனதுக்காரி போல, நல்ல சேலையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு பிலிமத்தலாவைக்கு பஸ் ஏறினேன்.

கடையில் மாமா இல்லை. வினோதினி காசு மேசையில் இருந்தாள். அவள் கணவன் சுதாகர் பின்னால் பெயின்ட் வாளிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் ஓடிவந்து கதிரையைத் துடைத்துப் போட்டான். சோடா வாங்கி வருகிறேன் என்று வெளியே போனான். பாவம், அவனிடமும் யாரும் எதுவும் கேட்டிருக்கமாட்டார்கள்.

வினோதினி கொஞ்சம் பருத்திருந்தாள். "வாங்க மிஸ், எப்படி இருக்கீங்க?" என்றாள். மரியாதையாகத்தான் பேசினாள். நான் படிவத்தை எடுத்து மேசையில் வைத்து விளக்கினேன். படித்த இரண்டு வருடமும் கணக்கில் சேரும், நேராக மூன்றாம் வருடம், சனி ஞாயிறு மட்டும், கட்டணத்தைப் பற்றி யோசிக்கவேண்டாம். பேசப் பேச எனக்கே உற்சாகம் வந்துவிட்டது. பழைய கவுன்சிலர் குரல் திரும்பிவிட்டது.

அவள் படிவத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள்.

"இது புதுசா வந்ததா மிஸ்? இல்ல, நாங்க வந்த அன்னைக்கும் இருந்திச்சா?"

புதிது என்று சொல்லிவிடலாம். அவளுக்கு எப்படித் தெரியப்போகிறது? நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை அப்போதுதான் நான் முதல் முதலாக நேருக்கு நேர் பார்க்கிறேன் என்று தோன்றியது.

"இருந்திச்சும்மா" என்றேன்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

ஒருவர் ஆணி வாங்க வந்தார். அவள் எழுந்துபோய் அரைக் கிலோ நிறுத்து, கடதாசியில் சுற்றி, மிச்சக் காசைக் கொடுத்தாள். வந்து உட்கார்ந்தாள். நான் அழுதுகொண்டிருந்தேன். அவள் அழவில்லை.

"நீங்க இல்லன்னு சொன்ன பொறகுதான் மிஸ் நான் சரின்னேன்" என்றாள். "அப்பா மூஞ்சியப் பாத்து சொல்லல. மாமாவுக்குப் பயந்தும் சொல்லல. நீங்க இல்லன்னீங்க, அப்ப இல்லன்னு நெனச்சேன்."

"இப்பவாவது படிம்மா" என்றேன். "உன் காலப் புடிச்சிக் கேக்கிறேன்."

"படிச்சிட்டு எங்க மிஸ் போறது?"

இருபத்தாறு வருடம் இந்தத் தொழில் செய்த எனக்கு, படித்து முடித்த மறுநாள் அந்தப் பிள்ளை எங்கே போகலாம் என்று சொல்ல ஒரு இடம்கூட வாயில் வரவில்லை. ட்ரெய்னியாக எடுக்கிறேன் என்ற ஓடிட் ஆபீஸையும் நெருக்கடியில் மூடிவிட்டார்கள்.

அவள் படிவத்தை மடிக்காமல், மூலை கசங்காமல், என் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

"இத கொண்டுபோய் ஆபீஸ்ல குடுங்க மிஸ். வேற ஏதாவது புள்ள வந்து வேற வழி இருக்கான்னு கேக்கும். கேக்கிற அன்னைக்கே குடுத்துரச் சொல்லுங்க."

அந்தப் படிவத்தை இந்தக் கடிதத்தோடு சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.